ஈகையும் கடனும்: கோலார் தங்கவயலும் நிறுவனப் பொறுப்பு என்னும் கருத்தும்

1. கேள்வி

ஆடி மாதத்தில் மேல்காற்று வலுத்து வீசும் நாட்களில், கோலார் தங்கவயலில், சுரங்கத் தொழிலாளருக்காக வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் பெண்கள் சோற்றுப் பானையை மூடியதோடு நில்லாமல், மூடியின்மேல் ஈரத்துணி ஒன்றையும் சுற்றிக் கட்டிவைப்பதைப் பார்த்திருக்கிறேன். ஒரு மணிநேரம் கழித்து அத்துணியை எடுத்து உதறினால் உதிர்வது சாதாரணப் புழுதி அன்று. அது சாம்பல் நிறமானது, சலித்த மாவைப்போல் மெல்லியது. விரல்களுக்கிடையில் வைத்துத் தேய்த்தால் முதலில் வழவழப்பாகவும், சற்று அழுத்தினால் நறநறவென்றும் இருப்பது. பூமிக்கடியில் பல ஆயிரம் அடி ஆழத்தில் கிடந்த படிகக்கல்லை வெட்டி மேலே கொணர்ந்து, இயந்திரங்களால் இடித்துப் பொடியாக்கி, சயனைடு கரைசலால் அதிலிருந்த தங்கத்தைக் கரைத்தெடுத்தபின் எஞ்சிய மண் அது. அந்த மண் பதின்மூன்று மேடுகளாக ஊரைச் சூழ்ந்து கிடக்கிறது. ஊரார் அவற்றைச் சயனைடு மலை என்கிறார்கள்.

அம்மலைகளை உண்டாக்கிய ஸ்தாபனங்கள் நல்லவை எவையுமே செய்யவில்லை என்று சொல்வதற்கில்லை. வைத்தியசாலை கட்டின, பள்ளிகளுக்கு உதவின, குடிநீர் கொணர்ந்தன. ஆனால் அவை செய்தவற்றின் தன்மை என்ன? ஒரு வியாபார நிறுவனம் தன்னைச் சுற்றி வாழும் மக்களுக்கும் தான் நிற்கும் மண்ணுக்கும் செய்யவேண்டியவை, லாபம் கண்டபின் மனமுவந்து வழங்கும் ஈகையைச் சேர்ந்தவையா, அல்லது லாபத்தைக் கணக்கிடுவதற்கு முன்பே கழித்து எடுத்துவைக்கவேண்டிய கடனைச் சேர்ந்தவையா? இக்கட்டுரை பரிசீலிக்க முற்படுவது இந்த ஒரு கேள்வியையே. நிறுவனங்களின் சமுதாயப் பொறுப்பு, சுற்றுச்சூழல் பொறுப்பு என்று இன்று மிகுதியாகப் பேசப்படுவது புதிய தொழில்களைப் பற்றி. அவற்றுள்ளும் விமானப் போக்குவரத்து முன்வரிசையில் நிற்கிறது. ஆயினும் உயிரோடிருக்கும் ஒரு தொழிலின் வாக்குறுதிகளை எடைபோடுவதற்கு, நூற்றிருபது ஆண்டு வாழ்ந்து முடிந்துபோன ஒரு தொழிலின் முழுக் கணக்கையும் எடுத்துப் பார்ப்பது பயன்தரும் என்பது என் துணிபு. முடிந்த கதையில்தான் வரவும் செலவும் இரண்டும் தெரியும்.

2. நடப்பிலுள்ள மூன்று விளக்கங்கள்

இப்பொருள் குறித்து வழங்கும் அபிப்பிராயங்களை மூன்று வகையாகப் பிரிக்கலாம். சட்டத்துக்கு உட்பட்டு லாபத்தைப் பெருக்குவதைத் தவிர ஒரு நிறுவனத்துக்கு வேறு சமுதாயப் பொறுப்பு இல்லை என்று 1970இல் பொருளாதார அறிஞர் மில்டன் ஃபிரீட்மன் எழுதியது முதல் வகை. பங்குதாரரின் பணத்தைக்கொண்டு தர்மம் செய்ய நிர்வாகிகளுக்கு உரிமை ஏது என்பது அவருடைய வாதம். இவ்வாதத்தின் பலம் அதன் நேர்மையில் உள்ளது; அதன் பலவீனமோ, லாபம் என்று எதைச் சொல்கிறோம் என்ற கேள்வியை அது முடிந்துவிட்ட கேள்வியாக எடுத்துக்கொள்வதில் உள்ளது. அடுத்தவன் கூரைமேல் விழும் தூசிக்குச் செலவு எழுதாத கணக்கில் தோன்றும் லாபம், உண்மையான லாபந்தானா?

இரண்டாவது, காந்தியடிகளின் தர்மகர்த்தா முறை. செல்வம் படைத்தவன் அதற்குச் சொந்தக்காரனல்லன், சமுதாயத்தின் சார்பில் அதைப் பாதுகாப்பவன் என்பது அதன் சாரம். தமிழ்நாட்டாருக்கு இக்கருத்து அந்நியமானதன்று. கோயிலின் நிலமும் நகையும் தர்மகர்த்தாவின் கையில் இருந்தாலும் அவருடையவை அல்ல என்பதைச் சிறு பிள்ளையும் அறியும். ஆனால் தர்மகர்த்தாக்களின் மனசாட்சியை மட்டும் நம்பியிருந்த நிலையில் கோயில் சொத்துக்கள் பட்ட பாடு காரணமாகத்தான், சென்னை மாகாணத்தில் 1920களிலேயே அறநிலையங்களுக்குத் தனிச் சட்டம் இயற்றிக் கணக்குக் கேட்கும் அதிகாரத்தை ஒரு வாரியத்திடம் ஒப்படைக்க நேர்ந்தது. கணக்குக் கேட்பார் இல்லாத இடத்தில் தர்மகர்த்தா முறை நெடுநாள் நிலைப்பதில்லை.

மூன்றாவது, இந்தியச் சட்டத்தின் நிலை. 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம், 135ஆம் பிரிவு, குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் முந்திய மூன்றாண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் நூற்றுக்கு இரண்டு பங்கைச் சமுதாயப் பணிகளுக்குச் செலவிடவேண்டும் என்று விதித்து, 2014 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தது. ஐந்நூறு கோடி ரூபாய் நிகர மதிப்பு, அல்லது ஆயிரம் கோடி விற்றுமுதல், அல்லது ஐந்து கோடி நிகர லாபம் என்பவை அதன் வரம்புகள். இச்சட்டத்தின் விதிகளில் அதிகம் கவனிக்கப்படாத இரண்டு விலக்குகள் உள்ளன. நிறுவனத்தின் வழக்கமான தொழிலின் பகுதியாகச் செய்யப்படுபவை சமுதாயப் பணி ஆகமாட்டா. தன் ஊழியர்களுக்கு மட்டும் நன்மை தருபவையும் ஆகமாட்டா. நியாயமான விலக்குகளே, கடமையைச் செய்துவிட்டு அதைத் தர்மம் என்று எழுதிக்கொள்ளக்கூடாது என்பது அவற்றின் நோக்கம். ஆனால் விலக்கப்பட்ட அக்கடமைகளை வேறு எந்தக் கணக்கில், எவர், எப்போது எழுதுவது என்பதை இந்தப் பிரிவு சொல்லவில்லை. தங்கவயலின் சரித்திரம் முழுவதும் இந்த இடைவெளியில்தான் நடந்தேறியது என்பதை இனிக் காண்போம்.

3. கொடுத்தவை

ஜான் வாரன் என்ற ராணுவ அதிகாரி 1802இல் இப்பகுதியை அளக்க வந்தபோது, மாரிக்குப்பத்தைச் சுற்றியுள்ள கிராமத்தார் பழைய குழிகளிலிருந்து மண்ணெடுத்து அலசிப் பொன் எடுப்பதைக் கண்டார். எழுபது ஆண்டுகள் கழித்து லாவெல் என்பவர் மைசூர் அரசாங்கத்திடம் உரிமம் பெற்றுச் சுரங்கம் தோண்டிப் பொருள் போதாமல் கைமாற்றினார். 1880இல் லண்டனைச் சேர்ந்த ஜான் டெய்லர் கம்பெனி வந்தபின்னரே தங்கவயல் தங்கவயலாயிற்று. லண்டனில் பதிவான கம்பெனிகள்; மைசூர் அரசாங்கத்துக்கு எடுத்த தங்கத்தின் மதிப்பில் நூற்றுக்கு ஐந்து வீதம் உரிமைத்தொகை; உழைப்போ பெரும்பாலும் வட ஆர்க்காடு, சேலம், சித்தூர் பகுதிகளின் வறண்ட கிராமங்களிலிருந்து வந்த தமிழர்களுடையது, அவருள்ளும் மிகப் பெரும்பாலோர் ஆதிதிராவிட மக்கள். ஊரில் கூலியும் கிடையாது, குடிநீர்க் கிணற்றில் உரிமையும் கிடையாது என்ற நிலையில், மண்ணுக்கடியில் இறங்குவதையே விடுதலையாகக் கொண்டு வந்தவர்கள் அவர்கள். இதை மறந்துவிட்டு இவ்வூரின் கதையைச் சொல்வது அவர்களுக்குச் செய்யும் அநீதி.

1902இல் காவிரியின் சிவசமுத்திர அருவியிலிருந்து 92 மைல் தூரம் கம்பி இழுத்துச் சுரங்கங்களுக்கு மின்சாரம் கொண்டுவரப்பட்டது. பெங்களூரின் தெருக்கள் மின்விளக்கைக் காண்பதற்கு மூன்றாண்டுகளுக்கு முன். அவ்வளவு நெடிய மின்பாதை அன்று உலகிலேயே அரிது. பாலாற்றின் பேத்தமங்கலம் ஏரியிலிருந்து நீர் குழாய் வழி வந்தது. பங்காருப்பேட்டையிலிருந்து மாரிக்குப்பம்வரை இருப்புப்பாதை 1894இல் அமைந்தது. வைத்தியசாலை, தேவாலயங்கள், பள்ளிகள், மன்றங்கள், விளையாட்டுத் திடல்கள் எல்லாம் வந்தன. அதிகாரிகளின் பங்களாக்களைப் பார்த்த வெள்ளையர்கள் இவ்வூரைச் சிறிய இங்கிலாந்து என்று செல்லமாக அழைத்தனர்.

இவற்றை இரு விதமாகப் பொருள்கொள்வார் உண்டு. கம்பெனியின் தாராளத்துக்குச் சான்று என்பது ஒரு சாரார் கூற்று. இன்றும் இவ்வூரின் ராபர்ட்சன்பேட்டை முதியவர்களிடம் இதைக் கேட்கலாம், அவர்கள் பொய் சொல்லவில்லை. தொழிலாளர் சரித்திரத்தை ஆராய்ந்த நூல்கள், குறிப்பாக மைசூர் சமஸ்தானத்தின் சுரங்கத் தொழிலாளரையும் ஆலைத் தொழிலாளரையும் பற்றி ஜானகி நாயர் எழுதிய நூல் போன்றவை, இந்நலத்திட்டங்களோடு சேர்ந்தே அமைந்த கண்காணிப்பை எடுத்துக்காட்டுகின்றன. தங்கம் திருடுபோகாமல் காப்பதே நிர்வாகத்தின் முதற்கவலை. வீடும் லைனும் காவலும் அதற்கேற்பவே வகுக்கப்பட்டன. 1930 ஏப்ரலில் தொழிலாளர் அனைவரும் கைரேகை பதியவேண்டுமென்று நிர்வாகம் உத்தரவிட்டபோது, சங்கம் என்று ஒன்று இல்லாத காலத்திலேயே, வயல் முழுவதும் வேலையை நிறுத்தி மூன்று வாரம் வெளியே நின்றது. 1946ஆம் ஆண்டின் வேலைநிறுத்தம் இன்னும் நீண்டது. அவ்வாண்டு நவம்பர் 4ஆம் தேதி துப்பாக்கிச் சூட்டில் ஆறு தொழிலாளர் உயிரிழந்தனர். 1954 ஜூலையில் டாக்டர் அம்பேத்கர் இங்கு வந்தபோது திரண்டது அந்த அறுவரோடு உழைத்த தலைமுறையே.

இவ்விரு கூற்றுகளுள் ஒன்றைத் தேர்ந்து மற்றதைத் தள்ளவேண்டிய அவசியம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. வைத்தியசாலை உண்மை, துப்பாக்கியும் உண்மை. என் கேள்விக்கு முக்கியமானது வேறொன்று. கொடுக்கப்பட்டவை அனைத்தும், சுரங்கம் ஓடுவதற்குத் தேவைப்படும் காலம்வரை, தேவைப்படும் அளவுக்கு, தேவைப்படும் ஆட்களுக்குக் கொடுக்கப்பட்டவை. குடிநீர்க் குழாயும் மின்விளக்கும் குடியிருப்பவனின் உரிமையாக எந்த ஏட்டிலும் பதியவில்லை. வேலைக்காரனுக்கு முதலாளி காட்டும் தயவாகவே இருந்தன. தயவுக்கு ஆயுள் உண்டு.

4. எஞ்சியவை

நூற்றிருபது ஆண்டுகளில் இங்கிருந்து எடுக்கப்பட்ட தங்கம் ஏறத்தாழ 800 டன். இன்று மேடுகளாகக் கிடக்கும் மண் அரசாங்கத்தின் கணக்குப்படி சுமார் 3.3 கோடி டன். இரண்டையும் வகுத்துப் பார்த்தால் ஒரு கிராம் தங்கத்துக்கு நாற்பத்தொரு கிலோ மண். ஒரு சவரனுக்கு ஏறத்தாழ 330 கிலோ. கல்யாண வீட்டில் பெண்ணின் கழுத்தில் ஏறும் எட்டுச் சவரன் சங்கிலி ஒன்றை இவ்வூர்த் தங்கத்தில் செய்திருந்தால், அதன் மறுபாதி இரண்டரை டன்னுக்கு மேற்பட்ட மண்ணாக மாரிக்குப்பத்தருகே எங்கோ கிடக்கிறது. சுரங்கத்தை மீண்டும் நிரப்பவும் பிறவாறும் போனவை நீங்கலாக, எஞ்சியதன் கணக்குத்தான் இது. தொடக்கக் காலத்தில் டன் பாறைக்கு நாற்பது கிராமுக்கு மேல் கிடைத்த தங்கம் கடைசிக் காலத்தில் மூன்று கிராம் அளவுக்குக் குறைந்துவிட்டதால், வரவு சுருங்கச் சுருங்க மண்மேடு விரைவாக வளர்ந்தது என்பதையும் இங்கே சேர்த்து நினைக்கவேண்டும்.

சயனைடு மலை என்ற பெயர் அச்சத்தைச் சரியான இடத்தில் வைக்கவில்லை என்று சொல்லவேண்டியிருக்கிறது. கட்டற்ற சயனைடு வெயிலிலும் காற்றிலும் பெரும்பகுதி சிதைந்து போகக்கூடியது. இரும்போடு பிணைந்த சில சேர்மங்களே நீண்டகாலம் தங்கும். நிலைத்து நிற்கும் கேடுகள் வேறு. பாறையிலிருந்த கந்தகக் கனிமங்கள் மழைநீரும் காற்றும் பட்டு அமிலமாகி உலோகங்களைக் கரைத்துத் தாழ்வான நிலத்துக்கும் ஓடைக்கும் கொண்டுசெல்வது ஒன்று. ஆண்டுதோறும் மழை அம்மேடுகளின் சரிவை வாய்க்கால் வாய்க்காலாக அறுத்திருப்பதைப் பார்த்தாலே இது புலனாகும். காற்றில் பறக்கும் மெல்லிய படிகமணல் மற்றொன்று. இதுதான் பெரியது.

படிகமணலின் கண்ணுக்குத் தெரியாத துகள்கள் நுரையீரலின் காற்றறைவரை சென்று தங்கினால் அங்கே தழும்பு உண்டாகிறது; தழும்பு பரவப் பரவ மூச்சு குறைகிறது; வேலையை விட்டுப் பல ஆண்டுகள் ஆனபின்னும் நோய் வளர்ந்துகொண்டே போகலாம்; காசநோயும் எளிதில் பற்றுகிறது. சிலிக்கோசிஸ் என்னும் இந்நோய் இந்தியத் தொழிலாளரிடையே முதன்முதலாக விரிவாகப் பதிவானதே கோலார் தங்கவயலில்தான். 1940களில் ஏழாயிரத்துக்கு மேற்பட்ட தொழிலாளரைச் சோதித்து 1947இல் வெளிவந்த ஆய்வு, ஐந்தில் இருவருக்கு மேல் இந்நோய் கண்டிருப்பதைத் தெரிவித்தது. வைத்தியசாலை இருந்த காரணத்தால்தான் நோய் எண்ணப்பட்டது என்பதை நிர்வாகத்தின் பக்கத்தில் எழுதிக்கொள்ளலாம்; எண்ணியபின் எவ்வளவு நாள் அதே தூசியில் இறக்கினார்கள் என்பதை எந்தப் பக்கத்தில் எழுதுவது?

தங்கவயலின் சாம்பியன் ரீஃப் பகுதியில் ஒரு முதியவர் தம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து என்னிடம் பேசினார். மூன்று சொல்லுக்கு ஒருமுறை நிறுத்தி மூச்சிழுத்துக்கொண்டார். "எங்கப்பாவும் இப்படித்தான் பேசுவாரு தம்பி, சின்னப் புள்ளையில நாங்க அவரு நிதானமா பேசுறாருன்னு நெனச்சிக்கிட்டிருந்தோம்," என்றார்.

இங்கே ஆராய்ச்சியாளன் ஒரு தவற்றுக்கு இடங்கொடுக்கக் கூடாது. சுரங்கத்துக்குள் துளைக்கும்போது எழும் புதிய தூசிக்கும், பல்லாண்டு வெளியில் கிடந்த மண்மேட்டின் தூசிக்கும் நச்சுத்தன்மை ஒன்றே என்று கொள்வதற்கில்லை. அப்போதுதான் உடைந்த படிகத்தின் பரப்பு உயிரணுக்களை மிகுதியாகத் தாக்குகிறது, பழைய தூசியின் வீரியம் குறையலாம். மூச்சுக்குள் செல்லத்தக்க நுண்துகள் எத்தனை பங்கு என்பதையும் அளந்தே அறியவேண்டும். ஆகவே மேட்டின் அருகே வாழும் ஒவ்வொருவர் இருமலையும் அம்மண்ணின்மேல் ஏற்றுவது நியாயமாகாது. அதை அளக்காமலே விட்டிருப்பதோ அதைவிடப் பெரிய அநியாயம்.

5. கைமாறிய பொறுப்பு

1956இல் மைசூர் அரசாங்கம் சுரங்கங்களை ஏற்றது. 1962இல் அவை மத்திய அரசாங்கத்தின் நிதி அமைச்சகத்தின்கீழ் சென்றன. 1972இல் பாரத் கோல்டு மைன்ஸ் லிமிடெட் என்ற பொதுத்துறை நிறுவனம் ஆயின. ஒவ்வொரு கைமாற்றத்திலும் சுரங்கமும் இயந்திரமும் கட்டடமும் மதிப்பிடப்பட்டு ஏட்டில் ஏறின. மண்மேடு கடனாக எந்த ஏட்டிலும் ஏறவில்லை. தனியார் முதலாளி மறைந்து அரசாங்கமே முதலாளி ஆனபின்னும் கணக்கெழுதும் முறை மாறவில்லை என்பதைக் கருதும்போது, குற்றம் முதலாளியின் பேராசையில் மட்டும் இருந்தது என்று சொல்லி அமைதி காண்பது கடினமாகிறது. இன்னொரு அநீதியும் உண்டு. எடுத்த தங்கம் நெடுங்காலம் உள்நாட்டுச் சந்தை விலைக்கன்றி, அதைவிடக் குறைந்த சர்வதேச அதிகாரபூர்வ விலைக்கே அரசாங்கத்திடம் சென்றது. அதாவது, தேசத்தின் அந்நியச் செலாவணிக்காகத் தங்கவயல் ஆண்டாண்டாகக் குறைந்த விலையில் கொடுத்துவந்தது. பின்னர் நஷ்டத்தில் ஓடுகிறது என்ற காரணத்தால் 1992இல் நலிந்த தொழில்களுக்கான வாரியத்திடம் அனுப்பப்பட்டு, 2001 பிப்ரவரி 28ஆம் தேதி மூடப்பட்டது.

மூடிய தேதியைக் குறித்துக்கொள்ளவேண்டும். சுரங்கம் மூடுவோர் முன்கூட்டியே மூடும் திட்டம் ஒன்றைச் சமர்ப்பித்து, நிலத்தைச் சீர்செய்வதற்கான நிதி உத்தரவாதமும் தரவேண்டும் என்று கனிமப் பாதுகாப்பு விதிகள் திருத்தப்பட்டது 2003 ஏப்ரலில். அதாவது இரண்டாண்டு கழித்து. சுரங்க மாவட்டங்களின் மக்களுக்காக மாவட்ட கனிம நிதியம் ஏற்படுத்தப்பட்டது 2015இல். அப்போது இங்கே நிதிக்குப் பங்களிக்கத் தங்கம் எடுப்பாரே இல்லை. 135ஆம் பிரிவைத் தங்கவயலுக்குப் பின்னோக்கிப் பொருத்திப் பார்த்தாலும் இதே முடிவுதான். கொழித்த காலத்தில் நூற்றுக்கு இரண்டு வந்திருக்கும், அதுவும் தன் மண்மேட்டைச் சீர்செய்வதற்குப் பயன்பட்டிருக்காது, ஏனெனில் அது வழக்கமான தொழிலின் பகுதி. தன் நோயாளித் தொழிலாளருக்கும் பயன்பட்டிருக்காது, ஏனெனில் அவர் ஊழியர். நஷ்டம் நிலைத்துவிட்ட ஆண்டுகளில் அந்த இரண்டு பங்கும் இல்லை. பொறுப்பின் சுமை உச்சத்தை அடையும் நாளில் பொறுப்பின் அளவு பூஜ்யமாகிறது. லாபத்தோடு கட்டப்பட்ட பொறுப்பு, லாபம் போகும் வாசலிலேயே தானும் போய்விடும்.

போனபின் நேர்ந்தவற்றை விரிவாகச் சொல்லத் தேவையில்லை. நீர் இறைக்கும் பம்புகள் நின்றதும் சுரங்கங்கள் நிரம்பின. வைத்தியசாலையின் கூடங்கள் வெறிச்சோடின. கம்பெனியின் தயவில் இருந்த நீரும் விளக்கும் சுகாதாரமும் எவருடைய கடமை என்பது வழக்காயிற்று. மூடிப் பத்தாண்டுக்குப் பின், 2011இலும், லைன் வீடுகளின் உலர் கழிப்பிடங்களை மனிதர் கையால் சுத்தம் செய்துவந்த கொடுமை வெளிப்பட்டு நாட்டைத் தலைகுனியவைத்தது. சுரங்கத்தில் இறங்கியவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் விடியுமுன் எழுந்து மாரிக்குப்பம் ரயிலேறி ஏறத்தாழ தொண்ணூறு கிலோமீட்டர் கடந்து பெங்களூருக்குப் போய் இரவில் திரும்புகிறார்கள். பாட்டனார் கீழ்நோக்கிச் சென்ற நேரத்தைப் பேரன் பக்கவாட்டில் செலவிடுகிறான்.

6. வானத்துத் தொழிலின் கணக்கு

பெங்களூருக்குப் போய்வரும் அவ்விளைஞர்களில் சிலர் தேவனஹள்ளியில் 2008இல் திறந்த விமானநிலையத்திலும் பெட்டி தூக்குவது, துப்புரவு செய்வது போன்ற ஒப்பந்த வேலைகளைச் செய்கிறார்கள். சுரங்கத்தின் கணக்கை விமானத்தின் கணக்கோடு ஒப்பிடலாமா என்ற தயக்கம் எனக்கு அவர்களை நினைக்கும்போது நீங்குகிறது.

விமான நிறுவனங்களின் பொறுப்பறிக்கைகளில் மரம் நடுதலும், பெண்கல்வியும், மருத்துவ முகாமும் இடம்பெறுகின்றன, மதிக்கத்தக்கவையே. ஆனால் அத்தொழிலின் மண்மேடு எது? எரித்த எரிபொருளின் கரியமில வாயு. உலகம் வெளியிடும் கரியமில வாயுவில் நூற்றுக்கு இரண்டரைப் பங்கு அளவுக்கு விமானங்களுடையது. தங்கவயலின் மேட்டை ரயிலிலிருந்தே பார்க்கலாம். இதைப் பார்க்க முடியாது. அது எந்த ஊரின் பானைமேலும் படிவதில்லை, எல்லா ஊர்களின் மழைமேலும் படிகிறது. எரிபொருள் எரிப்பது வழக்கமான தொழிலாகையால் 135ஆம் பிரிவு அதைத் தொடாது. சர்வதேச விமானப் போக்குவரத்து ஸ்தாபனம் 2016இல் ஏற்ற, வெளியிட்ட வாயுவுக்கு ஈடாக வேறிடத்தில் குறைத்த அளவை விலைக்கு வாங்கும் ஈடுகட்டும் திட்டம் தொடும். ஆனால் நாடுகளுக்கிடையே பறப்பவற்றை மட்டும், அதிலும் 2019ஆம் ஆண்டின் அளவை அடிப்படையாகக் கொண்டு வகுத்த எல்லைக்கு மேற்பட்டதை மட்டும். இந்தியா அதன் கட்டாயக் கட்டத்தில் 2027 முதல் சேர்கிறது. சென்னையிலிருந்து பெங்களூருக்கு, கோலார் ஜில்லாவின் அருகாகப் பறக்கும் விமானம் அந்தக் கணக்கில் ஒருபோதும் வராது.

ஈடுகட்டுதல் என்பது என்னவென்பதைக் கோலார் நன்றாக அறியும். அன்று இந்த ஜில்லாவைச் சேர்ந்திருந்த பாகேபள்ளியிலும் சுற்றுத் தாலுகாக்களிலும் 5,500 ஏழை வீடுகளில் சாண எரிவாயுக் கலங்கள் அமைத்து, விறகும் மண்ணெண்ணெயும் மிச்சமாவதால் குறையும் கரியமில வாயுவைக் கணக்கிட்டு விற்கும் திட்டம் 2005இல் ஐக்கிய நாடுகளின் ஏற்பாட்டின்கீழ் பதிவாயிற்று. இத்தகைய அடுப்புகளின் கணக்கே விமானப் பயணிகளுக்கு விற்கப்படும் ஈடுகளிலும் பரவலாக இடம்பெறுகிறது. புகையின்றிச் சமைக்கும் பெண்ணுக்கு அதனால் உண்டாகும் நன்மையை நான் முழுமனத்தோடு வரவேற்கிறேன். எனினும், தினந்தோறும் சாணம் கரைத்து ஊற்றி, கலம் பழுதானால் செப்பனிட்டு, கரியமில வாயுவின் குறைவை நடைமுறையில் உண்டாக்குபவள் அவள். பொறுப்பு நிறைவேறியதாகத் தன் அறிக்கையில் எழுதுவது விமான நிறுவனம். வேலை கைமாறும்போது பொறுப்பின் பெயரும் ஏன் கைமாறவில்லை?

சுரங்கத்தைப் போலவே விமான நிறுவனங்களும் இறக்கின்றன. ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரல் 17ஆம் தேதி பறப்பதை நிறுத்தியது; ஊழியரின் வருங்கால வைப்பு நிதியும் பணிக்கொடையும் பற்றிய வழக்கு உச்ச நீதிமன்றம்வரை சென்றது; 2024 நவம்பரில் அந்நீதிமன்றம் நிறுவனத்தைக் கலைக்க உத்தரவிட்டது. ஊழியருக்கு உரியதைக் கோர ஒரு சட்டமும் ஒரு வரிசையுமாவது இருந்தன. அந்நிறுவனம் கால் நூற்றாண்டு வானில் விட்ட புகைக்குக் கடன்காரர் வரிசையில் நிற்க ஆள் இல்லை.

நமது நீதிமன்றங்கள் இவ்விஷயத்தில் சட்டமன்றங்களைவிட முன்னே சென்றிருக்கின்றன. தோல் பதனிடும் தொழிற்சாலைகள் பாலாற்றைக் கெடுத்ததைப் பற்றிய வேலூர் வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம், மாசு செய்தவனே சீர்செய்யும் செலவையும் ஏற்கவேண்டும் என்ற கொள்கை இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று தீர்ப்பளித்தது. அந்தப் பாலாறு வேலூருக்கு வருமுன் பேத்தமங்கலத்தைக் கடந்தே வருகிறது. ஒரே ஆற்றின் கீழ்க்கரையில் செல்லுபடியாகும் கொள்கை மேல்கரையில் செல்லாமற்போனதற்குக் கொள்கையின் குறை காரணமன்று. வேலூரில் தொழிற்சாலைகள் உயிரோடிருந்தன, வசூலிக்க ஆள் இருந்தது. ஆகையால் வசூலிக்கவேண்டிய காலம் நிறுவனம் உயிரோடிருக்கும் காலமே. ஒவ்வொரு டன் பாறைக்கும், ஒவ்வொரு டன் எரிபொருளுக்கும், லாபத்தைப் பாராமல், எடுக்கும்போதே எடுத்துவைத்து, நிறுவனத்தின் கைக்கு எட்டாத நிதியில் சேர்ப்பதே வழி என்று நான் கருதுகிறேன். இதனால் தொழில் நடத்துவது கட்டுப்படியாகாது என்பார் உளர். கட்டுப்படியாகாத தொழிலை இதுவரை கட்டுப்படியாக்கி வந்தவர் எவர் என்பதை அந்தத் திண்ணையில் உட்கார்ந்து கேட்கவேண்டும்.

7. மறுபடியும் தோண்டுமுன்

இந்த ஆராய்ச்சி பழங்கணக்கோடு நிற்கவில்லை. மண்மேடுகளில் இன்னும் தங்கம் எஞ்சியிருக்கிறது; தங்கத்தின் விலை ஏறிவிட்டதால் அதை மீண்டும் பிரித்தெடுப்பது லாபகரமாகலாம். ஏறத்தாழ ஆயிரம் ஏக்கரில் பரந்த பதின்மூன்று மேடுகளையும் தோண்டும் மத்திய அரசாங்கத்தின் யோசனைக்கு 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை இசைவு தந்தது. ஊரில் வேலை கிடைக்குமென்ற நம்பிக்கை பிறந்திருக்கிறது. அந்நம்பிக்கையைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. மேடுகளை முழுவதும் அகற்றி, பிரித்தபின் எஞ்சுவதை ஈரமாகப் பழைய சுரங்கத்துக்குள்ளேயோ, அடியில் நீர் கசியாத பள்ளத்திலோ சேர்த்து, மேலே மண்ணும் புல்லும் போர்த்தினால், நூறாண்டுக் கேடு தீரவும் கூடும். ஒரு மேட்டைக் கிளறி மற்றொரு மேடாகக் கொட்டினால், பல்லாண்டு மழையில் இறுகியிருந்த மேல்தோல் உடைந்து, அடியிலுள்ள தூசி புதிதாகப் பறக்கும்.

எதுவாயினும், முதல் மண்வெட்டி விழுமுன் செய்யவேண்டிய வேலை ஒன்றுண்டு. அதற்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை. மாரிக்குப்பம், சாம்பியன் ரீஃப், உரிகம், ஆண்டர்சன்பேட்டை ஆகிய இடங்களில், பள்ளிக்கூடக் கூரைகளின்மேல், காற்றின் நுண்துகளையும் அதிலுள்ள படிகமணலின் பங்கையும் அளக்கும் கருவிகளை ஒரு முழு ஆண்டுக்கு வைத்து, ஆடிக் காற்றின் அளவையும் மார்கழியின் அளவையும் தனித்தனியே பதிந்து, அருகிலுள்ள கிணறுகளின் நீரையும் சோதித்து, அந்த எண்களைத் தமிழிலும் கன்னடத்திலும் அந்தந்தப் பள்ளியின் வாசற்சுவரிலேயே எழுதிவைக்கவேண்டும். தோண்டத் தொடங்கியபின் நாளைக்கு எவரேனும் தூசி முன்பும் இப்படித்தான் இருந்தது என்று சொல்வாராயின், அந்தச் சுவரைக் காட்டலாம்.